கண்ணில் பட்டால்தான் மட்டையில் படும்

நேயர்களுக்கு வணக்கம்.

"பயிற்சியில் வெளுத்து வாங்குகிறான். ஆட்டத்தில் மட்டும் மூன்று ஸ்ட்ரைக்கில் திரும்பி வந்துவிடுகிறான்." சிறு குழந்தைகளுக்குப் பேஸ்பால் சொல்லிக்கொடுக்கும் என்னிடம் பெற்றோர் அடிக்கடி சொல்லி வருந்துவது இதுதான். மட்டையை வீசித் தவறவிட்ட பந்தும், அடிக்க ஏற்றதாக வந்தும் அடிக்காமல் விட்ட பந்தும் ஸ்ட்ரைக்; மூன்று சேர்ந்தால் அவுட். உடனே கை, தோள், வீச்சு என்று எல்லாவற்றையும் திருத்தப் புறப்பட்டுவிடுகிறார்கள். நான் முதலில் குழந்தையின் முன்காலைத்தான் பார்ப்பேன்.

பந்தை எறிபவர் கையை உயர்த்துகிறார். அவரை நோக்கிச் சிறிய அடி எடுத்துவைக்க வேண்டிய முன்கால் பக்கவாட்டில் விலகி ஓடுகிறது. இடுப்பு பின்வாங்குகிறது, தலை திரும்புகிறது, கண் பந்தை விட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு மட்டை காற்றைத்தான் அடிக்கும். இதை வீச்சின் குறை என்று நினைக்காதீர்கள், இது அச்சம். நியாயமான அச்சமும்கூட. பேஸ்பால் பந்து ஏறத்தாழ 145 கிராம் எடையுள்ள கெட்டியான பந்து. எறிவதும் இன்னொரு குழந்தை. பந்து எங்கே போகும் என்று அதற்கே தெரியாது. "பயப்படாதே" என்று சொல்வதால் இந்தப் பயம் போகாது.

ஆகவே, அடிக்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன் விலகக் கற்றுக்கொடுங்கள். ஹெல்மெட்டை மாட்டிவிட்டு, டென்னிஸ் பந்தை மெதுவாக உடம்பை நோக்கி எறியுங்கள். குழந்தை முன்தோளை உள்பக்கம் திருப்பி, பந்துக்கு முதுகைக் காட்டி, முகவாயை நெஞ்சோடு ஒட்டிக் குனிய வேண்டும். நாலைந்து முறை முதுகில் பட்டதும் சிரிக்கத் தொடங்கிவிடும். அந்தச் சிரிப்பு வந்த பிறகு முன்கால் தானாக நேரே போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மட்டை கனமாக இருந்தால் இத்தனையும் வீண். கைப்பிடியை ஒரே கையால் பிடித்து, கையைப் பக்கவாட்டில் நீட்டி, 20 எண்ணும்வரை தாங்கச் சொல்லுங்கள். கை இறங்கினால் இலேசான மட்டை வாங்குங்கள். "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று பெரிய மட்டை வாங்குவது குழந்தைக்குச் செய்யும் அநியாயம்.

பந்தை 'டீ' எனப்படும் தாங்கியின் மேல் வைத்து அடிக்கும் பயிற்சி மிக நல்லது. அமெரிக்காவின் உயர்மட்டத் தொழில்முறைப் போட்டியான பெரிய லீக்கின் ஆட்டக்காரர்களே அதை விடுவதில்லை. பந்து இடுப்பு உயரத்தில், முன்காலுக்குச் சற்று முன்னால் இருக்கட்டும். ஆனால் ஆட்டத்தில் பந்து நின்றுகொண்டிருக்காது. அடிப்பதா, விடுவதா என்று நொடிப்பொழுதில் முடிவு செய்ய வேண்டும். பயிற்சியில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இந்த முடிவுதான்.

அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. சில டென்னிஸ் பந்துகளில் சிவப்புப் புள்ளியும் சிலவற்றில் நீலப் புள்ளியும் வையுங்கள். முதலில் மட்டையே வேண்டாம். எறியும்போது நிறத்தை மட்டும் சொல்லட்டும். சரியாகச் சொல்ல, பந்து உங்கள் கையைவிட்டுக் கிளம்பும் கணத்திலிருந்தே அதைப் பார்த்தாக வேண்டும். பிறகு மட்டையைக் கொடுத்து, சிவப்பு என்றால் அடி, நீலம் என்றால் விடு என்று சொல்லுங்கள். சரியாக விட்ட பந்துக்கும் கைதட்டுங்கள்.

ஆட்ட நாளில் ஒரே வேண்டுகோள். வேலிக்குப் பின்னாலிருந்து "முழங்கையை உயர்த்து, காலை நகர்த்து" என்று கத்தாதீர்கள். உங்கள் குரலைக் கேட்கிற குழந்தை பந்தைப் பார்க்காது.

1941-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேஸ்பால் வீரர் டெட் வில்லியம்ஸ் கணக்கில் சேர்ந்த 456 வாய்ப்புகளில் 185 முறை வெற்றிகரமாக அடித்தார். 185-ஐ 456-ஆல் வகுத்தால் வரும் சராசரி .406. அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் இரண்டிலும் அதற்குப் பிறகு ஒரு முழுப் பருவத்தில் .400-ஐத் தொட்டவர் இல்லை. அவருக்கும் 271 முறை வாய்க்கவில்லை. உங்கள் குழந்தை தலை குனிந்து திரும்பி வரும்போது தண்ணீர் கொடுங்கள். வீச்சைப் பற்றி அன்றைக்குப் பேச வேண்டாம். மறுநாள் மாலை, புள்ளி வைத்த பந்துகளோடு கூப்பிடுங்கள்.

வணக்கம்.