நார்னியாவுல எல்லாரும் தாண்டிப் போற புக்: வெள்ளி நாற்காலி

ஒரு பொண்ணு ராட்சசங்க கோட்டை கிச்சன்ல உக்காந்திருக்கா. சமையல்கார ராட்சசி எப்படா கண் அசருவா, எப்படா ஓடலாம்னு காத்துக்கிட்டு இருக்கா. பொழுது போகாம மேசை மேல கெடக்குற சமையல் புக்கைப் பாக்குறா. மல்லார்ட் வாத்து சமைக்கிறது எப்படின்னு போட்டிருக்கு. அடுத்த ஐட்டம்? மனுஷன்.

(மியூசிக் கட். ரெண்டு செகண்ட் அமைதி.)

ஆமாங்க, குழந்தைங்க புக்குதான் இது.

பேக்ரவுண்டை சீக்கிரம் முடிச்சிடுறேன். நார்னியான்னா பேசுற மிருகங்க வாழுற ஒரு கற்பனை உலகம். அதை வெச்சு சி.எஸ். லூயிஸ் எழுதின சீரிஸ், மொத்தம் ஏழு புக், அதுல நாலாவதா 1953ல வந்தது "வெள்ளி நாற்காலி". நார்னியாவுக்குள்ள போக வழியா இருந்த அந்த அலமாரி கிடையாது, அது வழியா போன, நமக்குப் பிடிச்ச அந்த நாலு பிள்ளைங்களும் கிடையாது, 2005, 2008, 2010னு வந்த மூணு படமும் கரெக்டா இதுக்கு முன்னாடியே நின்னு போச்சு, அதனால படம் மட்டும் பாத்தவங்களுக்கு இப்படி ஒரு கதை இருக்குறதே தெரியாது. நானும் சின்ன வயசுல பாதியில மூடி வெச்சவன்தான். குளிரு, நடை, மறுபடியும் குளிருன்னு போரடிச்சுது. இப்ப திரும்பப் படிச்சப்பதான் புரிஞ்சுது, நான் மூடி வெச்ச இடத்துல இருந்துதான் கதையே சூடு பிடிக்குதுன்னு.

கதை என்னன்னா, யூஸ்டஸ், ஜில்னு (ஆரம்பத்துல கிச்சன்ல உக்காந்திருந்த பொண்ணு இவதான்) ரெண்டு ஸ்கூல் பசங்க, காணாம போன இளவரசன் ரிலியனைத் தேடிப் போகணும். நார்னியாவைக் காக்குற சிங்கம் அஸ்லான், நாலு அடையாளம் சொல்லி அனுப்புது. மனப்பாடம் பண்ணு, தினமும் சொல்லிப் பாருன்னு ஜில்கிட்ட தலைப்பாடா அடிச்சுக்குது. முதல் மூணையும் கோட்டை விடுறாங்க! அதுவும் மூணாவது இருக்கே, பாழடைஞ்ச நகரத்துல ஒரு கல்வெட்டு இருக்கும், அது சொல்றபடி செய்யணும். இவங்க பனிப்புயல்ல ஒரு பள்ளத்துல விழுந்து, அதுக்குள்ளயே வளைஞ்சு வளைஞ்சு நடந்து, ஒண்ணும் இல்லைன்னு ஏறி வந்துடுறாங்க. மறுநாள் அந்த ராட்சசங்க கோட்டை ஜன்னல்ல இருந்து பாத்தா, அந்தப் பள்ளமே ஒரு எழுத்து. கல்வெட்டைத் தேடிக்கிட்டே கல்வெட்டுக்குள்ள நடந்திருக்காங்க. கண்ணாடியை நெத்தியில ஏத்தி விட்டுட்டு வீடு முழுக்க தேடுறவங்களுக்கெல்லாம் இந்த சீன் சமர்ப்பணம்.

சரி, இப்ப நான் இந்த வீடியோ பண்ணதுக்கான காரணத்துக்கு வரேன். அந்த சமையல் புக்குக்குக் கொஞ்ச நேரம் முன்னாடி, இவங்க மான் கறி சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. நல்லா ருசியா இருக்கு. அப்ப ராட்சசங்க பேசிக்கிறது காதுல விழுது: பிடிக்கும்போது அந்த மான், என்னைக் கொல்லாதீங்க, என் கறி நல்லா இருக்காதுன்னு சொல்லிச்சாம். பேசுற மான்! நார்னியாவுல பேசுற மிருகம்னா அது ஒரு ஆளு மாதிரி. இங்க லூயிஸ் பண்றதைப் பாருங்க. ஜில் அந்த உலகத்துக்குப் புதுசு, அவளுக்கு "ஐயோ பாவம்"னு இருக்கு, அவ்வளவுதான். யூஸ்டஸ் ஏற்கெனவே வந்து போனவன், ஒரு பேசுற எலி அவனுக்கு உயிர் நண்பன், அவனுக்கு இது கொலை. கூட வர்ற பட்டில்கிளம் அங்கேயே பிறந்தவன், அவனுக்கு ஒரு குழந்தையைத் தின்னுட்ட மாதிரி குமட்டுது. ஒரே தட்டு, மூணு பேரு. அப்புறம் அதே கிச்சன்ல இவங்க பேரே மெனுவுல! செஞ்ச உடனே பில்லைக் கையில குடுத்துட்டாரு மனுஷன்.

இந்த பட்டில்கிளம் யாருன்னு சொல்லணும்ல. சதுப்பு நிலத்துல வாழுற, தவளைக் கால், வாத்துப் பாதம் வெச்ச ஒல்லி ஆசாமி. குட் மார்னிங் சொன்னாலும் கூடவே மழை வரும், இல்லேன்னா பனி வரும்னு சேர்த்துதான் சொல்லுவான். இதுல காமெடி என்னன்னா, அவன் இனத்து ஆளுங்க இவனை "ரொம்ப விளையாட்டுப் பிள்ளை, வாழ்க்கையை சீரியஸா எடுத்துக்கவே மாட்டேங்கிறான்"னு திட்டுவாங்களாம்! அப்ப மத்தவங்க எப்படி இருப்பாங்கன்னு யோசிங்க. லூயிஸ் வீட்டுத் தோட்டக்காரர் ஃப்ரெட் பாக்ஸ்ஃபோர்டைப் பாத்துதான் இவனை எழுதினாராம். அந்த சமையல் புக்குலயும் இவன் இனம் இருக்கு: நார் நாரா இருக்கும், சேத்து வாசனை அடிக்கும்னு. பாவம், தின்னக்கூட லாயக்கில்லையாம்.

ஆனா பூமிக்கடியில, மந்திரப் புகை போட்டு "சூரியனே கிடையாது, விளக்கைப் பாத்து நீங்களா கற்பனை பண்ணிக்கிட்டது"ன்னு ரிலியனைப் பிடிச்சு வெச்சிருந்த சூனியக்காரி எல்லாரையும் மயக்குறப்ப, வெறுங்காலோட போய் நெருப்பை மிதிச்சு அணைக்கிறது இந்த அழுமூஞ்சிதான். வலியில மண்டை தெளியுது. ரூம் முழுக்க கருகின கால் நாத்தம், மயக்கம் எங்க நிக்கும்? வாள் இல்ல, மந்திரம் இல்ல, ஒரு கால். ஏழு புக்லயும் எனக்கு இதுக்கு மேல ஒரு ஹீரோ சீன் கிடையாது, சண்டைக்கு வர்றவங்க வரலாம்.

அந்த மான் கறித் தட்டு முன்னாடி நீங்க ஜில்லா, யூஸ்டஸா, பட்டில்கிளமா? கமெண்ட்ல சொல்லுங்க. லைக், சப்ஸ்கிரைப் எல்லாம் பட்டில்கிளம் பாணியில கேக்குறேன்: போட மாட்டீங்கன்னு தெரியும், போட்டாலும் நெட் கட்டாயிடும், பரவாயில்ல.