கணவர் திருந்தினார், குடும்பம் உடைந்தது: ஏன்?

[திரையில்: மலேசியா, கெடா, பீடோங் கடைத்தெரு]

வணக்கம். குடியை விட்டாச்சு. காலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடுகிறார். படுக்கையறைச் சுவரில் "நான் வெற்றியாளன்" என்று எழுதி ஒட்டியிருக்கிறார். இப்படிப்பட்ட மனிதரைப் பார்த்து மனைவி, "பழைய ஆளே தேவலாம்" என்கிறார். பீடோங் பக்கத் தோட்டங்களில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் குறைவு. தன்முனைப்புப் பயிலரங்குக்கு, அதாவது மோட்டிவேஷன் வகுப்புக்குப் போய்வந்த வீட்டில் சண்டை ஏன் கூடுகிறது? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

இந்தப் பயிலரங்குகளின் பின்னணியை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். 1912இல் டேல் கார்னகி நியூயார்க்கில் மேடைப்பேச்சு வகுப்பு தொடங்கினார். 1971இல் சான் பிரான்சிஸ்கோவில் வெர்னர் எர்ஹார்ட் 'எஸ்ட்' என்கிற தன்முனைப்புப் பயிற்சியைத் தொடங்கினார். ஹோட்டல் மண்டபம், சுமார் 250 பேர், இரண்டு வார இறுதிகள்.

[திரையில்: விமானம், விரித்த பத்திரிகை]

இந்த எர்ஹார்ட் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அவருடைய இயற்பெயர் ஜான் பால் ரோசன்பெர்க். 1960இல் பிலடெல்பியாவில் மனைவியையும் நான்கு குழந்தைகளையும் விட்டுவிட்டு, வேறொரு பெண்ணோடு ஊரைவிட்டே போய்விட்டார். போகும் வழியில் விமானத்தில் ஒரு பத்திரிகையைப் புரட்டுகிறார். ஜெர்மனியைப் பற்றிய கட்டுரை. இயற்பியலாளர் வெர்னர் ஹைசன்பெர்க்கிடமிருந்து ஒரு பாதி, பொருளாதார அமைச்சர் லுட்விக் எர்ஹார்டிடமிருந்து மறு பாதி, புதுப் பெயர் தயார்! பத்தாண்டுக்கு மேல் வீட்டோடு தொடர்பே இல்லை. "உன் வாழ்க்கைக்கு நீயே பொறுப்பு" என்று பிற்பாடு ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுத்தவர் இவர்தான். பிறகு குடும்பத்தைத் தேடிப் போய்ப் பார்த்தார், சரி. ஆனால் அந்தப் பத்தாண்டும் நான்கு பிள்ளைகளை வளர்த்தது யார்? எந்த மேடையிலும் ஏறாத அந்தப் பெண்தான். எனக்கு அவர்தான் பெரிய ஆள்.

இப்போது நம்ம பக்கம் வருவோம். சுங்கைப்பட்டாணி ஹோட்டல் மண்டபத்தில் கணவர் முன்பின் தெரியாத ஆட்கள் முன்னால் அழுகிறார், எல்லாரும் கைதட்டுகிறார்கள். அந்த அழுகையை மனைவி ஒருநாளும் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்ததும், "இந்த மாசம் லோன் கட்டணுமே" என்று அவர் கேட்டால், "நீ எப்பவும் நெகட்டிவ்வாவே பேசுற" என்று பதில் வருகிறது. கவனியுங்கள், சண்டை என்னவோ பழைய சண்டைதான். அதில் ஜெயிக்க வகுப்பிலிருந்து ஒரு புது ஆயுதம் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். அமெரிக்க ஆய்வாளர் ஜான் காட்மன் பல ஆண்டுகள் தம்பதிகளை உட்காரவைத்துப் பேசவிட்டுப் பதிவு செய்தார். பிரிவுக்கு இட்டுச்செல்லும் அறிகுறிகளில் முதலிடம் கோபத்துக்கு இல்லை, இளக்காரத்துக்குத்தான் என்றார். நான் உயர்ந்துவிட்டேன், நீ அப்படியே கிடக்கிறாய் என்கிற பார்வை இருக்கிறதே, அதுதான் இளக்காரம்.

அப்படியென்றால் திருந்தவே கூடாதா? இதே பீடோங்கில், ஹார்வர்ட் தோட்டத்தில், 1946-47இல் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை கள்ளுக்கடைகளை மறித்தது. அது தனி ஆளை உயர்த்தும் வகுப்பு இல்லை, தோட்டமே சேர்ந்து எடுத்த முடிவு. கள்ளுக்கடைக்குப் போன கூலிப் பணம் வீட்டுக்கு வந்தால் அடுப்படிக்கே தெரியும்.

[திரையில்: கோடுபோட்ட நோட்டுப் புத்தகம்]

வேதாத்திரி மகரிஷியின் யோகப் பயிற்சியான மனவளக்கலையிலும் எனக்குப் பிடித்த பயிற்சி ஒன்று உண்டு: சினம் தவிர்த்தல். யார் யார் மேல் கோபம் வருகிறது என்று பட்டியல் எழுத வேண்டும். எழுதிப் பாருங்கள், முதல் வரியில் முதலாளி பெயர் வராது, வீட்டில் இருக்கிறவர் பெயர்தான் வரும்! அப்புறம், தவத்தில், அதாவது தியானத்தில், அவரை நினைத்து "வாழ்க வளமுடன்" என்று வாழ்த்த வேண்டும். திருத்த வேண்டியது அவரை இல்லை, நம் கோபத்தை. தம் மனைவி லோகாம்பாள் பிறந்த ஆகஸ்ட் 30ஐ மகரிஷி மனைவி நல வேட்பு நாளாக ஆக்கினார். அன்று தம்பதிகள் எதிரெதிரே உட்கார்ந்து பூவும் பழமும் மாற்றிக்கொள்கிறார்கள்.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "என் மனைவியையும் கூட்டிவரலாமா?" வேண்டாம் என்றாலோ, "அவரும் ஆள் சேர்க்கட்டும்" என்றாலோ எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே பிரிவு வரை போய்விட்டதா? நம் 1976 திருமணச் சட்டத்தின்படி, ஒருவர் மட்டும் விவாகரத்து கேட்டால் பெரும்பாலும் முதலில் சமரசக் குழுவிடம் போயாக வேண்டும். தேசியப் பதிவு இலாகாவில் அதற்கு மனுக் கொடுக்கலாம். அங்கே கூப்பிடுவது இருவரையும்தான். அதை வெறும் பாரமாக நினைக்காமல், மனம்விட்டுப் பேசுங்கள்.

அடி, உதை இருக்கும் வீட்டுக்கு நான் இதுவரை சொன்ன எதுவும் பொருந்தாது. அக்கா, தங்கச்சி, அங்கே வகுப்பும் வேண்டாம், பட்டியலும் வேண்டாம். தாலியான் காசே என்கிற அரசாங்க உதவித் தொலைபேசி எண் 15999, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். போலீசிலும் புகார் கொடுங்கள். இந்த எண்ணை இப்போதே உங்கள் குடும்ப வாட்சாப் குழுவில் போட்டுவிடுங்கள்.