மூளை ஸ்கேனின் ஓரத்தில் இரண்டு கண்கள்

நேயர்களுக்கு வணக்கம். எம்.ஆர்.ஐ. படங்களைப் பார்த்து அறிக்கை எழுதும் மருத்துவர் நான். தலைவலிக்காக மூளை ஸ்கேன் எடுத்துக்கொண்டவர்கள் உங்களில் பலர் இருக்கலாம். அந்தப் படத்தில் மூளையோடு இரண்டு கண்களும் விழுந்திருக்கும். மூளையைப் பார்க்கச் சொல்லித்தானே சீட்டு வந்தது என்று, கண்களைச் சட்டென்று கடந்துபோகிற வழக்கம் எங்களிடம் உண்டு. அது சரியில்லை.

தலைவலி என்று மட்டும் எழுதி வந்த சீட்டுக்கு, ஒரு இளம்பெண்ணின் மூளைப் படத்தைப் பார்த்து ‘கோளாறு எதுவும் இல்லை’ என்று எழுதி அனுப்பினேன். சில நாளில் அதே படத்தை மறுபடி பார்க்கச் சொல்லி வேறொரு சீட்டு வந்தது. அதில் ஒரு வரி கூடுதலாக இருந்தது: ‘குனிந்து நிமிர்ந்தால் சில நொடி கண் இருட்டுகிறது.’ அந்த வரியைப் படித்ததும் நேராகக் கண்களுக்குப் போனேன். உருண்டையாக இருக்க வேண்டிய கண்ணின் பின்சுவர், நரம்பு வந்து சேரும் இடத்தில் தட்டையாகிக் கிடந்தது. இரண்டு கண்ணிலும் அப்படித்தான். முதல் நாளே அது படத்தில் இருந்திருக்கிறது; நான்தான் பார்க்கவில்லை.

ஏன் தட்டையாகிறது? பார்வை நரம்பு உண்மையில் மூளையின் நீட்சி. மூளையைப் போர்த்தியிருக்கும் அதே உறைகள் இந்த நரம்பையும் போர்த்திக்கொண்டு கண் வரைக்கும் வருகின்றன. மூளையைச் சுற்றியிருக்கும் அதே திரவம் அந்த உறைக்குள்ளும் நிற்கிறது. மண்டைக்குள் அழுத்தம் ஏறினால், அந்தத் திரவம் வழியாகவே அழுத்தம் கண்ணின் பின்புறம் வந்து முட்டும். நரம்பிழைகளுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் பொருள்கள் அங்கே தேங்கிப்போகும். நரம்பு கண்ணுக்குள் நுழையும் வட்டம் வீங்கும். இதற்குப் பெயர் பாப்பிலெடிமா.

படத்தில் வேறு அடையாளங்களும் உண்டு. திரவத்தை வெள்ளையாகக் காட்டும் படத்தில், நரம்பின் இருபுறமும் மெல்லிய வெள்ளைக் கோடுகள் தெரியும். அழுத்தம் ஏறினால் அவை அகலமாகும். நரம்பு நேராகப் போகாமல் வளைந்து நெளியலாம். வீங்கிய வட்டம் கண்ணுக்குள் சின்ன மேடாகத் துருத்தி நிற்கும். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி நசுங்கி, அது இருக்கும் குழி காலியானது போலத் தெரியும்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பின்சுவர் தட்டையாக இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. தட்டையாக இல்லை என்பதால் வீக்கமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அந்த வட்டத்தின் அகலம் சுமார் 1.5 மில்லிமீட்டர்தான். வழக்கமான மூளை ஸ்கேன் தலையைத் துண்டு துண்டாகப் படமெடுக்கும்; ஒவ்வொரு துண்டும் 5 மில்லிமீட்டர் கனம் வரை இருக்கும். போதாததற்கு, ஸ்கேன் ஓடும்போது கண் அசைந்துகொண்டே இருக்கும். அதனால் சந்தேகம் இருந்தால் கண்குழிக்கென்று தனியாக, கொழுப்பின் வெளிச்சத்தை அடக்கி, 3 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் மெல்லிய துண்டுகளாக எடுக்கிறோம். அப்போதும் கண்ணுக்குள் நேரடியாகப் பார்ப்பதற்கு அது ஈடாகாது. 1851-இல் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் வெளியுலகுக்குச் சொன்ன கண் உள்நோக்கியின் வழியில் வந்த கருவிகள்தான் இன்றும் அந்த வேலையைச் செய்கின்றன.

பார்வை நரம்பில் வரும் அழற்சி என்பது வேறு கதை. பெரும்பாலும் ஒரு கண்ணில் வரும், கண்ணை அசைத்தால் வலிக்கும். அழற்சி பின்னால் ஒளிந்திருந்தால் கண்ணுக்குள் பார்க்கிறவருக்கு எதுவும் தெரியாது. ஊசி மருந்து செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் நரம்பு பளிச்சென்று தெரியும்.

அந்தப் பெண்ணுக்குக் கண் மருத்துவர் பார்த்து இரண்டு பக்கமும் வீக்கத்தை உறுதி செய்தார். மூளையில் கட்டி இல்லை. ரத்தக் குழாய்களுக்கான ஸ்கேனில் ரத்தம் உறைந்த தடயமும் இல்லை. முதுகில் ஊசி போட்டு அளந்தபோது அழுத்தம் 25 சென்டிமீட்டர் நீர் அளவைத் தாண்டியிருந்தது. பெரியவர்களுக்கு அது அதிகம். ஆனால் எழுத்துப் பலகையை அந்தப் பெண் கடைசி வரி வரை வாசித்தார். மண்டைக்குள் அழுத்தம் ஏறும் இந்த நோயில் நடுப்பார்வை பெரும்பாலும் கடைசி வரை தாக்குப்பிடிக்கும். ஓரப்பார்வைதான் முதலில் போகும். ஓரப்பார்வை பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

தலைவலியோடு கண் நொடிப்பொழுது இருட்டுவது, காதுக்குள் நாடி துடிக்கிற சத்தம், இரட்டையாகத் தெரிவது, இவற்றில் ஏதாவது இருந்தால் ஸ்கேன் சீட்டில் அதையும் எழுதச் சொல்லுங்கள். பார்வை மங்கிக்கொண்டே வந்தாலோ இரட்டையாகத் தெரிந்தாலோ அன்றைக்கே போய்ப் பாருங்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்ப்பார்கள். அதன்பிறகு சில மணி நேரம் கிட்டத்தில் இருப்பவை மங்கலாகத் தெரியும், வெளிச்சம் கூசும். அதனால் வண்டி ஓட்ட யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு போங்கள். வணக்கம்.