சிம்ப்ஸன்ஸ் வீடியோ கேம்களில் ஒன்று மட்டும் நிலைத்தது ஏன்? – நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்த முறை வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. ஒரு நேயர் கேட்கிறார்: "சிம்ப்ஸன்ஸ் கார்ட்டூன் தொடரை வைத்து எத்தனையோ வீடியோ கேம்கள் வந்துவிட்டன. 2003-இல் வந்த 'ஹிட் அண்ட் ரன்' பற்றியே எல்லோரும் ஏன் பேசுகிறார்கள்? அதை இப்போது விளையாட முடியுமா?"

முதல் பாதிக்கு என்ன சொல்வேன் என்று தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். ஒரு தொடரைக் கேமாக்க, அதன் பாத்திரங்களின் முகத்தை எடுத்தால் போதாது, அவர்கள் வாழும் ஊரை எடுக்க வேண்டும். முன்பும் சொன்னேன், இனியும் சொல்வேன்.

தொடர் தொடங்கியது 1989 டிசம்பரில். 1991-இலேயே கொனாமி நிறுவனம், காசு போட்டு ஆடும் இயந்திரங்களுக்கு ஒரு கேம் கொண்டுவந்தது. குழந்தை மேகியைக் கடத்திவிடுவார்கள். மீட்பதற்கு நான்கு பேர் சேர்ந்து ஆடலாம். மார்ஜ் வாக்குவம் கிளீனரால் அடிப்பாள், லிசா ஸ்கிப்பிங் கயிற்றைச் சுழற்றுவாள், பார்ட் ஸ்கேட்போர்டால் விளாசுவான். குடும்பத்தை எவ்வளவு அழகாகப் பிடித்திருந்தார்கள்! ஆனால் அவர்கள் வாழும் ஸ்பிரிங்ஃபீல்டு ஊர் நாடகப் பின்திரை போல நகர்ந்து போய்விடும். பிடித்த இடத்தில் நின்று சுற்றிப் பார்க்க வழியில்லை. 2001-இல் டிவியில் இணைத்து ஆடும் ப்ளேஸ்டேஷன் கருவிக்கு ஒரு மல்யுத்த கேம் வந்தது. அதில் முகம் மட்டும்தான் மிச்சம்.

'ஹிட் அண்ட் ரன்' செய்தவர்கள் கனடாவின் வான்கூவரில் இருந்த ரேடிகல் என்டர்டெயின்மென்ட் நிறுவனத்தார். நகரம் முழுக்க கார் ஓட்டித் திரியும் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3' அப்போது பெரிய வெற்றி பெற்றிருந்தது. அந்தச் சுதந்திரத்தை இவர்கள் ஸ்பிரிங்ஃபீல்டுக்குக் கொண்டுவந்தார்கள். குடும்பத் தலைவர் ஹோமரின் வீட்டிலிருந்து காரை எடுத்தால் அப்புவின் கடை, பள்ளிக்கூடம், அணுமின் நிலையம் எல்லாவற்றுக்கும் சாலை போகும். தொடரில் தனித்தனிக் காட்சிகளாகப் பார்த்த இடங்களுக்கு நடுவே நாமே போய்வருகிறோம். தொடருக்குக் குரல் கொடுத்த நடிகர்களே இதிலும் பேசினார்கள்.

மொத்தம் 7 கட்டங்கள், ஆனால் நிலப்பரப்புகள் 3 மட்டுமே. இதைச் சிக்கனம் என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதுதான் இந்த கேமின் உயிர். முதல் கட்டத்தில் பகல் வெளிச்சத்தில் ஓட்டிய அதே தெரு, நான்காவது கட்டத்தில் சற்று வேறு தோற்றத்தில் வரும். ஏழாவதில் ஹாலோவீன் இரவில் நடைப்பிணங்கள் உலவும் தெருவாக வரும். எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்று கைக்குத் தெரியும். அப்படித் தெரிந்த பிறகுதான் ஓர் இடம் ஊராகிறது. என் அக்கா மகன், கேம் கொடுத்த வேலையை முடிக்காமல் ஓட்டிக்கொண்டே இருப்பான். "முடியேன்டா" என்றால், "இருங்கள் மாமா, ஒரு சுற்று சுற்றிவிட்டு வருகிறேன்" என்பான். அவனுக்கு அந்த வேலை ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

இந்த நேயர் இன்னொன்றையும் கேட்டிருக்கலாம்: அந்த ஊர் யாருக்குச் சொந்தம்? 2012-இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்ட 'டாப்ட் அவுட்' என்ற மொபைல் கேமில், ஹோமரின் கவனக்குறைவால் அணுமின் நிலையம் வெடித்து ஊரே அழிந்துவிடும். அதை வீடு வீடாகத் திரும்பக் கட்டுவதுதான் ஆட்டம். பலர் ஆண்டுக்கணக்கில் கட்டினார்கள், காசும் செலவழித்தார்கள். 2025 ஜனவரியில் நிறுவனம், கேம் இயங்கத் தேவையான தன் இணைய சர்வரை நிறுத்தியது. கட்டிய ஊர்கள் அத்தனையும் போயின. எனக்கு இதில் ஆறாத கோபம் உண்டு. நடத்துவது லாபமில்லை என்றால் நிறுத்தட்டும். அவரவர் ஊரை அவரவர் கைப்பேசியிலாவது விட்டுவைத்திருக்கலாமே!

'ஹிட் அண்ட் ரன்' டிஸ்கில் வந்ததால் தப்பித்தது. இன்றைய இணையக் கடைகளில் விற்பனைக்கு இல்லை, மறுபதிப்பும் வரவில்லை. ப்ளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ், கேம்கியூப், கணினி ஆகியவற்றுக்கு அன்று வந்த டிஸ்குகள் பழைய பொருள் விற்பவர்களிடம் கிடைக்கலாம். வாங்குமுன் திருப்பிப் பார்த்து, கீறல் இல்லாததாக எடுங்கள்.