சிட்னியில் பார்த்த மஞ்சள் கல்லீரல்

பெரியோர்களே, தாய்மார்களே, மருத்துவ மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பிரேதப் பரிசோதனை என்ற சொல்லைக் கேட்டாலே நம் வீடுகளில் மனம் பதறுகிறது. போன உயிரின் உடலையும் கூறு போட வேண்டுமா என்று கேட்கிறோம். அந்த வேதனையை நான் குறைத்துப் பேச வரவில்லை. சிட்னியில் இறந்துபோன 17 குழந்தைகளைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன்.

1951 முதல் 1962 வரை அங்கிருந்த குழந்தைகள் மருத்துவமனைக்கு 21 பிள்ளைகள் ஒரே விதமான நோயோடு வந்தார்கள். பின்னாளில் அதற்கு ‘ரை சிண்ட்ரோம்’ (Reye's syndrome) என்று பெயர் வந்தது. முதலில் சளி, இருமல். பிள்ளை தேறிவிட்டது என்று தாய் பெருமூச்சு விடும் வேளையில் அடங்காத வாந்தி, பிதற்றல், வலிப்பு, நினைவிழப்பு. பார்ப்பவருக்கு மூளைக்காய்ச்சல் என்றே தோன்றும். கண்ணில் மஞ்சள் இல்லாதபோது கல்லீரலை யார் சந்தேகிப்பார்கள்?

செம்பழுப்பாக இருக்க வேண்டிய அந்தக் கல்லீரல், இறந்த பிள்ளைகளின் உடலைத் திறந்தபோது கொழுப்பேறிப் பளிச்சென்று மஞ்சளாக இருந்தது. மூளை வீங்கியிருந்தது, ஆனால் அழற்சியின் தடயம் இல்லை.

மாணவர்களே, இதைக் கவனியுங்கள். திசுவை மெழுகில் பதிக்கும் வழக்கமான முறையில் ஆல்கஹாலும் மற்றக் கரைப்பான்களும் கொழுப்பைக் கரைத்துவிடும். வெறும் ஓட்டைகள்தான் மிஞ்சும். திசுவை உறையவைத்து, மெல்லியதாகச் சீவி, கொழுப்பில் மட்டும் பிடிக்கும் சிவப்புச் சாயத்தை இட வேண்டும். அப்போது நுண்ணோக்கியில் செல்லுக்குச் செல் பொடிப்பொடியாய்ச் சிவப்புத் துளிகள் தெரியும். குடியால் கொழுப்பேறிய கல்லீரலில் பெரும்பாலும் ஒரே பெரிய துளி உட்கருவை ஓரத்துக்குத் தள்ளிவிடும். இந்த நோயிலோ உட்கரு நடுவிலேயே நிற்கும்.

அந்த மருத்துவமனையின் நோய்க்குறியியல் நிபுணர் டக்ளஸ் ரை, தம் சகாக்களோடு 1963இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இதை எழுதினார். நோய்க்கு ஒரு முகம் கிடைத்த பிறகுதான் மற்ற ஊர்களிலும் அதை அடையாளம் கண்டார்கள். ஃப்ளூவோ சின்னம்மையோ கண்ட பிள்ளைகளுக்குக் கொடுத்த ஆஸ்பிரினோடு அதற்குத் தொடர்பு இருப்பதை அமெரிக்க ஆய்வுகள் காட்டின. 1980இல் எச்சரிக்கை வந்தும், மருந்து அட்டையில் அது கட்டாயமாக 1986 ஆகிவிட்டது. அந்தத் தாமதத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

1979–80இல் அமெரிக்காவில் 555 பேருக்கு இந்நோய் வந்ததாகப் பதிவாகியிருந்தது. 1994 முதல் 1997 வரை ஆண்டுக்கு இருவருக்கு மேல் இல்லை.

காய்ச்சலுக்குப் பிள்ளைக்கு மாத்திரை வாங்கினால், அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஆஸ்பிரின் அல்லது அசிட்டைல்சாலிசிலிக் அமிலம் என்றிருந்தால், மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். வணக்கம்.