தக்கை எங்கே?

நேயர்களுக்கு வணக்கம்.

சின்னதாக ஒரு படகு வாங்கி, விடுமுறை நாளில் குடும்பத்தோடு தண்ணீரில் போய்வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த எஞ்சின், எத்தனை குதிரைத்திறன் என்றுதான். நான் அவர்களிடம் கேட்பது வேறு. தக்கையை எங்கே வைக்கப் போகிறீர்கள்?

டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோகிற சின்னப் படகுகள் பலவற்றில் பின்பக்கம் அடியோடு ஒட்டி ஒரு துளை இருக்கும். வீட்டில் தண்ணீர்த் தொட்டி கழுவியிருப்பீர்கள். அடியில் இருக்கும் அடைப்பைத் திறந்துவிட்டால் அழுக்குத் தண்ணீர் தானாக வடிந்துவிடும் அல்லவா? அதே வேலைதான் இதற்கும். கரையேற்றியதும் அந்தத் துளையை அடைக்கும் தக்கையைக் கழற்றுவோம். உள்ளே தேங்கியதும், மழையில் சேர்வதும் வடிந்துவிடும். மறுபடி தண்ணீரில் இறக்குமுன் தக்கையைத் திருகிப் போட வேண்டும். போடாவிட்டால், வடிந்த வழியாகவே தண்ணீர் உள்ளே வரும்.

எனக்கு அது நடந்தது. அன்று என் நண்பரும் அவர் வீட்டுக் குழந்தைகள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். டிரெய்லரைப் பின்னால் தள்ளும்போது அவர் தக்கை போட்டிருப்பார் என்று நான் நினைத்தேன். நான் போட்டிருப்பேன் என்று அவர் நினைத்தார். கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் படகு மந்தமாகிவிட்டது. பின்பக்கம் தணிந்து, முன்பக்கம், அதாவது அணியம், மேலே தூக்கிக்கொண்டு நின்றது. ஆள் கூட, பாரம் கூட என்று நினைத்துக்கொண்டேன். அப்போது சின்னவள் சொன்னாள்: "மாமா, என் செருப்பு மிதக்குது."

அடிப்பலகையைத் தூக்கினேன். கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். இறைக்கும் பம்பைப் போட்டால் உறுமுகிறது, வெளியே ஒரு சொட்டு வரவில்லை. எப்போதோ விழுந்த மிட்டாய்க் காகிதம் ஒன்று அதன் வாயில் ஒட்டியிருந்தது. நண்பர் வாளியால் இறைக்க இறைக்க, நான் கையை விட்டுத் துளையைத் தடவிக் கண்டுபிடித்து, துண்டைக் கயிறுபோல முறுக்கித் திணித்தேன். அப்படியே மெல்லக் கரை சேர்ந்தோம். தக்கை என் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே இருந்தது. அந்தக் குழந்தைகளின் முகம் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

ஒரு கணக்கு சொல்கிறேன். நீர்மட்டத்துக்கு ஒரு அடி கீழே ஓர் அங்குல அகலத்தில் துளை இருந்தால், நிமிடத்துக்கு 40 லிட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளே வரும். மூன்று, நான்கு வாளி! ஒற்றை ஆள் இறைத்து எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க முடியும்?

அன்றிலிருந்து தக்கையும் எஞ்சின் சாவியும் எனக்கு ஒரே வளையத்தில். சாவியை எடுத்தால் தக்கை கையோடு வரும். இன்னொரு தக்கையை அந்தத் துளைக்குப் பக்கத்திலேயே கயிற்றில் கட்டி வைத்திருக்கிறேன். ரப்பர் தக்கையானால், அதை நகத்தால் அழுத்திப் பாருங்கள். அழுந்தாமல் கல்லாக இருந்தால் மாற்றிவிடுங்கள். பம்பின் வாயை மாதம் ஒருமுறை துடையுங்கள். வாளி கட்டாயம் இருக்கட்டும், அதன் கைப்பிடியில் ஒரு கயிறும் இருக்கட்டும்.

சரி, நங்கூரத்துக்கு வருவோம். கனமாக இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எடை மட்டும் படகைப் பிடித்து நிறுத்தாது. கலப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். தரையோடு இழுத்தால் மண்ணைக் கவ்வும், மேலே இழுத்தால் பெயர்ந்து வந்துவிடும். நங்கூரமும் அப்படித்தான். அதனால்தான் கயிறு நீளமாக வேண்டும். படகின் முன்விளிம்பிலிருந்து அடித்தரை வரை 3 மீட்டர் என்றால், அமைதியான நேரத்தில் 15 மீட்டராவது விடுங்கள், காற்றடித்தால் 21 மீட்டர். நங்கூரத்தோடு சேர்ந்த முதல் சில மீட்டர் சங்கிலியாக இருந்தால் அதன் கனம் இழுப்பைத் தரையோடு வைத்திருக்கும். கயிறு நைலானாக இருக்கட்டும். அது கொஞ்சம் நீண்டு கொடுக்கும், அலையின் வெட்டு படகில் நேராக அறையாது. அப்புறம், மறுமுனையைப் படகில் கட்டிவிட்டீர்களா என்று பார்த்த பிறகு நங்கூரத்தைப் போடுங்கள். கட்டாமல் வீசிவிட்டுக் கயிற்றின் வால் தண்ணீருக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களை எனக்குத் தெரியும்.

பெட்ரோலை மூன்று பங்காக நினையுங்கள். போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, மூன்றாவது பங்கு எதிர்பாராததற்கு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், படகின் அடியில் போய்த் தங்கும். ஒரு பொறி போதும். எடுத்துச் செல்லும் டாங்க் என்றால் கரையில் தரையில் வைத்து நிரப்புங்கள். அவுட்போர்டு எஞ்சின், அதாவது படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் எஞ்சின், ஓடும்போது பக்கத்தில் மெல்லிய தாரையாகத் தண்ணீர் பீய்ச்சும், பார்த்திருப்பீர்கள். அது நின்றால் எஞ்சினையும் உடனே நிறுத்துங்கள். குளிர்விக்கும் தண்ணீர் ஏறவில்லை என்று அர்த்தம். கடலில் ஓட்டினால் திரும்பியதும் நல்ல தண்ணீர் விட்டு உள்ளே அலசுங்கள்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். உயிர்காப்பு அங்கியைப் பற்றித்தான் நிறையப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது இருக்கைக்குக் கீழே அல்ல, உடம்பில் இருக்க வேண்டும். குழந்தைக்கு வயதைப் பார்க்காமல் எடையைப் பார்த்து வாங்குங்கள். இன்னொன்று, எஞ்சினை அணைக்கும் அந்தச் சின்னக் கயிற்றை ஓட்டுபவர் தன் உடம்போடு மாட்டிக்கொள்ள வேண்டும். அவர் தவறி விழுந்தால் கயிறு பிடுங்கி எஞ்சின் நின்றுவிடும். மாட்டாவிட்டால் ஆளில்லாத படகு வட்டமடித்து அவர்மேலேயே வரலாம். கிளம்புமுன் ஒருமுறை இழுத்து, எஞ்சின் நிற்கிறதா என்று பாருங்கள்.

நன்றி, வணக்கம்.