சாமநத்தத்தில் மூக்கன் தாரா! தண்ணீரை மட்டும் பார்க்காதீர்கள்

வணக்கம் மக்களே! கிடைத்துவிட்டது! மூக்கன் தாரா என்கிற பெரிய வாத்து, அதுவும் நம்ம மதுரைப் பக்கத்துச் சாமநத்தம் கண்மாயில். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட்ட மங்கலான படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

முதலில் ட்ரைபாட், அதாவது கேமராவை நிறுத்தி வைக்கிற முக்காலி, அந்த விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வீடியோவில் கேமரா ஆடுவதைப் பார்த்துப் பாதிப் பேர் கமெண்டில் கேட்டிருந்தீர்கள். கேமராவுக்கு அடியில் மாட்டுகிற சின்னத் தட்டு தேய்ந்துபோனதுதான் காரணம். டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் அந்தத் துண்டுத் தகட்டுக்கு 950 ரூபாய் சொன்னார்கள். இன்னொரு கடையில், தட்டு தனியாக வராது, ட்ரைபாட்டின் மேல்பகுதியோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டுமாம். கடைசியில் கேமரா ரிப்பேர் பார்க்கிற ஒரு அண்ணன், பழைய சாமான் டப்பாவை மேசையில் கொட்டித் தேடி எடுத்து 150 ரூபாய்க்குக் கொடுத்தார். ரப்பர்கூடத் தேயவில்லை! இதோ பாருங்கள், க்ளிக். இப்போது அசைத்துப் பார்க்கிறேன்... அசையவே இல்லை. அண்ணனுக்குக் கோடி நன்றி.

சரி, கண்மாய்க்கு வருவோம். காலையில் போனால் கிழக்குக் கரையில் நில்லுங்கள், வெயில் முதுகுப் பக்கம் இருக்கும். தண்ணீர் முழுக்க நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, ஆண்டி வாத்து, நடுவில் கறுப்பாக நாமக்கோழிக் கூட்டம். வந்திருந்த எல்லோரும் தண்ணீரையே துழாவிக்கொண்டிருந்தார்கள். மூக்கன் தாரா மரத்திலும் உட்காரும், மரப்பொந்தில் முட்டையிடுகிற வாத்து அது. அதனால் நான் கருவேல மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஐயா ஒருவர், "தம்பி, அந்தப் பட்ட மரத்துல பாருப்பா, பெருசா ஒண்ணு உக்காந்திருக்கு" என்றார்.

அதேதான்! ஆண் பறவை. வெள்ளைத் தலையில் மை தெறித்த மாதிரி கறுப்புப் புள்ளிகள். அலகின் மேல் கறுப்பு மேடு. அது இனப்பெருக்கக் காலத்தில் இன்னும் பெரிதாகப் புடைக்கும். பெண்ணுக்கு அது கிடையாது. வெயில் பட்டதும் முதுகில் பச்சையும் ஊதாவும் மாறி மாறி மின்னியது. ஆ, ஒன்று விட்டுவிட்டேன். மரத்துக்கு நேர் கீழே தண்ணீரில் புள்ளிமூக்கு வாத்து ஒன்று இருந்தது. அதுவே நல்ல பெரிய வாத்து. அதைவிட இது பெரிது! இன்னொன்று, இது நீலச்சிறகி மாதிரி இமயமலை தாண்டி வருகிற பறவை இல்லை. மழையையும் தண்ணீரையும் பார்த்து நம் நாட்டுக்குள்ளேயே இடம் மாறுவது.

இப்போது எனக்குக் கோபம் வருகிற இடம். பறக்கிற படம் வேண்டும் என்று ஒரு கூட்டம் கையைத் தட்டி, கல்லை எறிந்து, மொத்தக் கண்மாயையும் கிளப்பிவிட்டது. வலசை வந்த பறவைகள் திரும்பிப் போகத் தெம்பு சேர்க்க வேண்டிய நேரம் இது. ஒவ்வொரு முறை விரட்டும்போதும் தின்றதெல்லாம் வீணாகிறது. மூக்கன் தாராவும் எழுந்து தெற்கே போய்விட்டது. கரையில் பேசாமல் உட்கார்ந்தால் அவையே பறக்கும், அப்போது எடுங்களேன்!

பார்த்த பறவைகளின் பட்டியலை இ-பேர்டில், அதாவது பறவைகளைப் பதிவு செய்கிற இணையதளத்தில், ஏற்றிவிட்டேன். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கு அதே கிழக்குக் கரையில் இருப்பேன். வருகிறவர்கள் பைனாகுலர் கொண்டு வாருங்கள், ட்ரோன் வேண்டவே வேண்டாம்.